2147483647: ஒரு பெரிய பகா எண்ணைப் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சில வருடங்களுக்கு முன் தெரிந்தவர் ஒருவரின் மளிகைக் கடையில் பில் போடும் புரோகிராம் மக்கர் செய்கிறது என்று பார்க்கப் போயிருந்தேன். வாடிக்கையாளர் பட்டியலைத் திறந்தால் முந்நூற்றுச் சொச்சம் பேருக்கும் ஒரே மொபைல் நம்பர்: 2147483647. "வைரஸ் பூந்திருச்சு தம்பி" என்று கடைக்காரர் முடிவே கட்டிவிட்டார். வைரஸ் இல்லை என்று புரியவைக்க அரை மணி நேரம் ஆனது. அன்றிலிருந்து இந்த எண்ணைப் பற்றிப் பேச்செடுத்தால் எனக்கு நிறுத்தத் தெரியாது, கேட்பவர்களும் சுற்றிச் சுற்றி அதே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள், அதனால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதிவைத்துவிட்டேன்.

முதலில், இது என்ன எண்?

இருநூற்றுப் பதினான்கு கோடியே எழுபத்து நான்கு லட்சத்து எண்பத்து மூவாயிரத்து அறுநூற்று நாற்பத்து ஏழு. 31 இரண்டுகளை வரிசையாகப் பெருக்கி, வரும் விடையில் ஒன்றைக் கழித்தால் இது கிடைக்கும், அதாவது 2³¹ − 1. இரும எண்ணாக எழுதினால் 31 ஒன்றுகள், நடுவில் ஒரு பூஜ்யம்கூடக் கிடையாது. இது பகா எண்: ஒன்றையும் தன்னையும் தவிர வேறு எதுவும் இதை மீதியில்லாமல் வகுக்காது. 2, 3, 5, 7 என்று எண்ணிக்கொண்டே வந்தால் இது 10,50,97,565வது பகா எண்.

இதை "மெர்சென் பகா எண்" என்கிறார்களே, அது என்ன?

2ன் ஏதோ ஒரு அடுக்கிலிருந்து ஒன்றைக் கழித்துக் கிடைக்கும் எண் பகா எண்ணாகவும் இருந்தால் அதற்கு அந்தப் பெயர். 3, 7, 31, 127 எல்லாம் அந்த ஜாதி. அடுக்குகளை மட்டும் சொன்னால் 2, 3, 5, 7, 13, 17, 19, அப்புறம் 31. ஆக நம் ஆள் எட்டாவது.

அடுக்கு பகா எண்ணாக இருந்தால் விடையும் பகா எண் ஆகிவிடுமா?

ஆகாது. பலர் சறுக்குவது இங்கேதான். அடுக்கு பகு எண்ணாக இருந்தால் விடை கட்டாயம் பகு எண், அது சரி. ஆனால் அடுக்கு பகா எண் என்பதால் மட்டும் எந்த உத்தரவாதமும் கிடையாது. 11ஐ எடுங்கள்: 2¹¹ − 1 = 2047 = 23 × 89. முடிந்தது கதை.

இது பகா எண் என்று முதலில் சொன்னது யார்?

சொன்னவர்கள் சிலர், நிரூபித்தவர் ஒருவர். இத்தாலிக்காரர் கட்டால்டி 1588ல் 17, 19 ஆகிய அடுக்குகளுக்கு வரும் எண்களை உண்மையிலேயே வகுத்துப் பார்த்துச் சரி என்று உறுதி செய்தார். அதோடு விட்டிருக்கலாம். 23, 29, 31, 37 ஆகியவையும் அப்படித்தான் என்று சேர்த்துச் சொன்னார், அதில் 31 ஒன்றுதான் தேறியது (2²³ − 1ஐ 47 வகுக்கும், 2²⁹ − 1ஐ 233 வகுக்கும், 2³⁷ − 1ஐ 223 வகுக்கும்). 1644ல் பிரெஞ்சுத் துறவி மெர்சென் 257 வரைக்கும் உள்ள அடுக்குகளுக்கு ஒரு பட்டியல் போட்டார், அதில் 31 சரியாக இருந்தது, 67ம் 257ம் தப்பு, 61, 89, 107 மூன்றும் விடுபட்டுப்போயின. இவ்வளவு தப்போடும் பெயர் மட்டும் அவருக்கே நிலைத்துவிட்டது.

நிரூபித்தவர் கணித மேதை ஆய்லர். பெர்னூலி குடும்பத்தைச் சேர்ந்த ஒருவருக்கு எழுதிய கடிதத்தில் 1772ல் அதைச் சொன்னார். அப்போது அவர் ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் இருந்தார், கண்பார்வை கிட்டத்தட்ட முழுதாகப் போயிருந்தது.

கண்ணும் தெரியாமல், கால்குலேட்டரும் இல்லாமல், எப்படி?

எனக்குப் பிடித்த கேள்வியே இதுதான், அதனால் பதில் கொஞ்சம் நீளும்.

சாதாரண வழி என்னவென்றால், எண்ணின் வர்க்கமூலம் வரைக்கும் உள்ள பகா எண்களால் ஒவ்வொன்றாக வகுத்துப் பார்ப்பது. இந்த எண்ணின் வர்க்கமூலம் 46,340ம் சொச்சமும். அதற்குள் ஏறத்தாழ 4,800 பகா எண்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றாலும் பத்து இலக்க எண்ணை வகுக்க வேண்டுமென்றால் மனுஷனுக்குப் பைத்தியம் பிடித்துவிடும். ஆய்லர் செய்தது, வகுக்கத் தொடங்கும் முன்பே எவையெல்லாம் வகுக்கவே முடியாது என்று கழித்துக்கட்டியது.

ப என்றொரு பகா எண் 2³¹ − 1ஐ வகுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் 2³¹ஐ ப-ஆல் வகுத்தால் மீதி 1. இப்போது 2, 4, 8, 16 என்று போய்க்கொண்டே ஒவ்வொன்றையும் ப-ஆல் வகுத்து மீதியைப் பாருங்கள். மீதி 1 முதன்முதலில் எந்த அடுக்கில் வருகிறதோ, அதற்கப்புறம் அதன் மடங்குகளில் மட்டும்தான் மறுபடி 1 வரும். 31வது அடுக்கில் 1 வருகிறது, 31 பகா எண், ஆகவே முதன்முதலில் வந்ததே 31ல்தான். இன்னொரு பக்கம், ஃபெர்மாவின் சிறிய தேற்றப்படி 2ன் (ப − 1)வது அடுக்குக்கும் மீதி 1. அப்படியென்றால் ப − 1 என்பது 31ன் மடங்காக இருந்தே தீர வேண்டும். ப ஒற்றைப்படை, எனவே ப − 1 இரட்டைப்படையும்கூட, ஆக 62ன் மடங்கு. ஒரே அடியில் முப்பதில் ஒரு பங்குதான் மிஞ்சுகிறது.

ஆய்லர் அதோடு நிற்கவில்லை. 2³¹க்கு மீதி 1 என்றால் 2³²க்கு மீதி 2. ஆனால் 2³² என்பது 2¹⁶ன் வர்க்கம். அதாவது ஒரு முழு வர்க்கத்தை ப-ஆல் வகுத்தால் மீதி 2 வருகிறது. இப்படி 2ஐ மீதியாகத் தரும் பகா எண்களுக்கு ஓர் அடையாளம் உண்டு: அவற்றை 8ஆல் வகுத்தால் மீதி 1 அல்லது 7தான் வரும், 3ம் 5ம் வரவே வராது. இரண்டு சல்லடையையும் சேர்த்துப் போட்டால், ப-ஐ 248ஆல் வகுக்கும்போது மீதி 1 அல்லது 63ஆக இருக்க வேண்டும். 46,340க்குள் அப்படிப்பட்ட எண்கள், 1ஐயும் 63ஐயும் தவிர்த்து, மொத்தம் 372. அவற்றிலும் பகா எண்களை மட்டும் எடுத்தால் எண்பது சொச்சம்தான்.

முதல் மூன்றை நானே காகிதத்தில் போட்டுப் பார்த்தேன். 311ஆல் வகுத்தால் மீதி 35. 1303ஆல் வகுத்தால் 226. 1489ஆல் வகுத்தால் 199. மூன்றாவதுக்கு வரும்போதே எனக்கு டீ தேவைப்பட்டது.

சல்லடை உண்மையிலேயே வேலை செய்கிறதா என்று பார்க்க, மேலே சொன்ன 2047ஐ எடுங்கள். அங்கே அடுக்கு 11, எனவே காரணியில் ஒன்றைக் கழித்தால் 22ன் மடங்காக வர வேண்டும். 23ல் ஒன்றைக் கழித்தால் 22. 89ல் ஒன்றைக் கழித்தால் 88. 23ஐ 8ஆல் வகுத்தால் மீதி 7, 89ஐ வகுத்தால் மீதி 1. இரண்டும் அச்சாகப் பொருந்துகிறது.

இதைப் பார்த்து "இனி இதைவிடப் பெரியது யாரும் கண்டுபிடிக்க மாட்டார்கள்" என்று ஒருவர் எழுதினாராமே?

ஆமாம், பீட்டர் பார்லோ என்ற ஆங்கிலேயக் கணிதக்காரர், 1811ல். அவர் நேராகச் சொன்னது இந்தப் பகா எண்ணை வைத்து உண்டாகும் நிறைவெண்ணைப் பற்றி. தன் காரணிகளைக் கூட்டினால் (தன்னைத் தவிர்த்து) தானே வரும் எண்ணுக்கு நிறைவெண் என்று பெயர். 6 = 1 + 2 + 3. 28 = 1 + 2 + 4 + 7 + 14. ஒவ்வொரு மெர்சென் பகா எண்ணுக்கும் ஒரு நிறைவெண் உண்டு, யூக்ளிட் காலத்திலேயே தெரிந்த விஷயம். 28 = 4 × 7 என்பது போல, நம் எண்ணை 2³⁰ஆல் பெருக்கினால் 2305843008139952128 என்ற 19 இலக்க எண் வரும். இரட்டைப்படை நிறைவெண்கள் எல்லாமே இந்த வழியில்தான் வந்தாக வேண்டும் என்று நிரூபித்தவரும் ஆய்லரே. ஒற்றைப்படையில் ஒன்றாவது இருக்கிறதா என்பது இன்று வரை தீராத கேள்வி.

பார்லோ சொன்னதன் சாரம்: இவையெல்லாம் வெறும் வேடிக்கை, பயன் ஒன்றும் கிடையாது, அதனால் இதைத் தாண்டித் தேட யாரும் மெனக்கெட மாட்டார்கள். ஆனால் 1867ல் லாண்ட்ரி என்ற பிரெஞ்சுக்காரர் 2⁵⁹ − 1ஐக் காரணிகளாக உடைக்கும்போது 3203431780337 என்ற 13 இலக்கப் பகா எண்ணைக் கண்டெடுத்தார். அதற்கு முன் பல பத்தாண்டுகள் ஆய்லருடையதுதான் மனிதர்களுக்குத் தெரிந்த மிகப் பெரிய பகா எண். ஆய்லரின் இந்த எண்ணுக்கு முந்தைய சாதனை எண்ணான 6700417ம் ஆய்லர் கண்டுபிடித்ததுதான், அதுவும் 40 வருடம் முன்பு. பார்லோவைக் கிண்டல் செய்பவர்கள் நிறையப் பேர், எனக்கு அவர் மேல் பெரிய கோபம் இல்லை. பயன் இருந்தால்தான் மனிதன் தேடுவான் என்று நினைத்ததுதான் அவருடைய தப்பு.

இன்று ஆய்லர் அளவு பாடுபட வேண்டுமா?

தேவையில்லை. பிரான்சின் லூக்காஸ் 1870களில் ஒரு வழி கண்டுபிடித்தார், அமெரிக்காவின் லேமர் 1930ல் அதைச் செம்மைப்படுத்தினார். நான்கில் தொடங்குங்கள். வர்க்கப்படுத்தி 2ஐக் கழியுங்கள். சோதிக்கும் எண்ணால் வகுத்து மீதியை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். இதையே, அடுக்கைவிட இரண்டு குறைவான தடவை செய்யுங்கள். கடைசியில் பூஜ்யம் வந்தால் பகா எண், வராவிட்டால் இல்லை.

127ஐ வைத்துப் பார்க்கலாம். அடுக்கு 7, எனவே ஐந்து தடவை. 4 → 14. 14 → 194, மீதி 67. 67 → 4487, மீதி 42. 42 → 1762, மீதி 111. 111 → 12319, அது 127 × 97, மீதி 0. சொல்லி வைத்தாற்போல் பூஜ்யம். நம் எண்ணுக்கு 29 தடவை செய்தால் போதும், ஒரு விடுமுறை நாளில் பேனாவும் காகிதமும் வைத்துக்கூட முடித்துவிடலாம். லூக்காஸ் 1876ல் கையாலேயே 2¹²⁷ − 1 என்ற 39 இலக்க எண் பகா எண் என்று காட்டினார்.

என் கேள்வி வேறு. இது கம்ப்யூட்டரில் எங்கே பார்த்தாலும் வருகிறதே, பகா எண் என்பதாலா?

இல்லவே இல்லை. இணையத்தில் இந்தக் குழப்பம்தான் அதிகம், அதனால் அழுத்திச் சொல்கிறேன். கம்ப்யூட்டரில் ஒரு முழு எண்ணுக்கு வழக்கமாக 32 பிட் (பிட் என்பது 0 அல்லது 1 எழுதும் ஓர் இடம்) ஒதுக்குவார்கள். கூட்டல் கழித்தல் குறிக்கு ஒரு பிட் போய்விடும். மிச்சம் 31. அத்தனையிலும் ஒன்றை நிரப்பினால் வருவதுதான் 2147483647. அந்தப் பெட்டிக்குள் அடங்கும் உச்ச எண் அது, அவ்வளவுதான். அது பகா எண்ணாகவும் அமைந்தது தற்செயல்.

தற்செயல் என்பதற்குச் சாட்சி வேண்டுமா? 16 பிட் பெட்டியின் உச்சம் 32767, அது 7 × 31 × 151. 64 பிட் பெட்டியின் உச்சம் 2⁶³ − 1, அதை 7 இரண்டு தடவை வகுக்கும். குறி இல்லாத 32 பிட்டின் உச்சம் 4294967295, அது 3 × 5 × 17 × 257 × 65537. எதுவும் பகா எண் இல்லை. 31 என்பது பகா எண்ணாக இருந்ததும், அந்த அடுக்கு மெர்சென் வரிசையில் தேறியதும் நம் அதிர்ஷ்டம்.

அந்த உச்சத்தைத் தாண்டினால் என்ன ஆகும்?

இடத்தைப் பொறுத்தது. பல புரோகிராமிங் மொழிகளில் 2147483647உடன் ஒன்றைக் கூட்டினால் −2147483648 என்று மறுகோடிக்குப் போய்விடும், பழைய ஸ்கூட்டரின் கிலோமீட்டர் மீட்டர் முழுச் சுற்று சுற்றி ஆரம்பத்துக்கே வருவது போல. சில டேட்டாபேஸ்கள் பெரிய எண் எதைக் கொடுத்தாலும் உச்ச எண்ணையே எழுதிவிட்டு ஓர் எச்சரிக்கை காட்டும், அதை யாரும் படிப்பதில்லை. கடையில் நடந்தது இதுதான். இந்திய மொபைல் நம்பர் பத்து இலக்கம், 6, 7, 8, 9ல்தான் ஆரம்பிக்கும், எனவே எந்த நம்பரைக் கொடுத்தாலும் அது 2147483647ஐவிடப் பெரியது. புரோகிராம் எழுதியவர் மொபைல் நம்பரை முழு எண் பெட்டியில் போட்டுவிட்டார். அத்தனை பேரும் ஒரே சுவரில் போய் முட்டி நின்றார்கள்.

2014 டிசம்பரில் 'கங்னம் ஸ்டைல்' பாட்டின் பார்வை எண்ணிக்கை இந்த எல்லையைத் தாண்டியபோது யூடியூபே அதைப் பெரிதாக அறிவித்தது. கணக்கு இப்போது 64 பிட்டில் ஓடுகிறது.

2038ல் உலகம் நின்றுவிடும் என்கிறார்களே?

உலகம் நிற்காது. பழைய கம்ப்யூட்டர்கள் பல, நேரத்தை கிரீன்விச் கணக்கில் 1970 ஜனவரி 1 நள்ளிரவிலிருந்து எத்தனை விநாடி என்று எண்ணி வைக்கும். அந்தக் கணக்கு 2147483647ஐத் தொடுவது 2038 ஜனவரி 19, செவ்வாய்க்கிழமை, நம் நேரப்படி காலை 8 மணி 44 நிமிடம் 7 விநாடிக்கு. அடுத்த விநாடி, திருத்தப்படாத இயந்திரம் கிரீன்விச் கணக்கில் 1901 டிசம்பர் 13 என்று நினைத்துக்கொள்ளும். போன், லேப்டாப் எல்லாம் பெரும்பாலும் 64 பிட்டுக்கு மாறிவிட்டன. நான் கவலைப்படுவது சுவருக்குள் புதைத்து மறந்துபோன சின்ன கன்ட்ரோலர்களைப் பற்றித்தான்.

அப்போ இது பகா எண்ணாக இருப்பதால் யாருக்காவது பிரயோஜனம் உண்டா?

உண்டு, அதுதான் சுவையான பகுதி. கம்ப்யூட்டர் "ஏதோ ஒரு எண் சொல்லு" என்றால் நிஜமாகக் குலுக்கிப் போடாது, ஒரு சூத்திரம் வைத்திருக்கும். லேமர் 1950 வாக்கில் கொடுத்த வழி: இப்போதுள்ள எண்ணை ஒரு நிலையான எண்ணால் பெருக்கு, இன்னொரு நிலையான எண்ணால் வகுத்து மீதியை எடு, அதுதான் அடுத்த எண்.

சின்னதாக 7ஐ வைத்துப் பாருங்கள். 1ல் தொடங்கி 3ஆல் பெருக்கி மீதி எடுத்தால் 1, 3, 2, 6, 4, 5, மறுபடி 1. ஆறு எண்களையும் ஒரு தடவை தொட்டுவிட்டுத்தான் திரும்புகிறது. 2ஆல் பெருக்கினால் 1, 2, 4, மறுபடி 1, பாதிதான் சுற்றும். 7க்குப் பதில் பகா எண் அல்லாத 8ஐ வைத்து 3ஆல் பெருக்கினால் 1, 3, 1, 3 என்று திண்ணையிலேயே உட்கார்ந்துவிடும். முழுச் சுற்றும் வருவதற்கு வகுக்கும் எண் பகா எண்ணாக இருப்பது நல்லது, பெருக்கும் எண்ணும் சரியான ஆளாக இருக்க வேண்டும்.

2147483647க்கு அப்படி முழுச் சுற்று வரவைக்கும் எண்கள் 53 கோடியே 46 லட்சம் இருக்கின்றன, அதில் மிகச் சிறியது 7. நடைமுறையில் 7ன் ஐந்தாவது அடுக்கான 16807ஐ எடுத்தார்கள் (1969ல் முன்மொழியப்பட்டது, 1988ல் பார்க், மில்லர் என்ற இருவர் எழுதிய கட்டுரையால் பரவலானது). 1ல் தொடங்கினால் 16807, 282475249, 1622650073, 984943658 என்று போகும். பத்தாயிரம் தடவை ஓட்டினால் 1043618065 வர வேண்டும், வந்தால் உங்கள் புரோகிராம் சரி. சி பிளஸ் பிளஸ் மொழியின் தரநூலகத்தில் இது இன்றும் இருக்கிறது.

எதிர் உதாரணமும் உண்டு. 1960களில் ஐபிஎம் கணினிகளில் ராண்டு என்ற ஒரு வழி ஓடியது. அது வகுத்தது 2³¹ஆல், அதாவது நம் எண்ணைவிட ஒன்று அதிகம், பகா எண் இல்லை. பெருக்கியது 65539ஆல். அதிலிருந்து மூன்று மூன்று எண்களாக எடுத்து முப்பரிமாணத்தில் புள்ளி வைத்தால் எல்லாப் புள்ளியும் வெறும் 15 தளங்களில், அலமாரித் தட்டில் அடுக்கியது போல உட்கார்ந்திருக்கும். முக்கியக் குற்றவாளி மோசமான பெருக்கெண்தான் என்றாலும் 2ன் அடுக்கால் வகுத்ததும் உதவவில்லை.

ஒன்று: நம் பகா எண் சூத்திரத்தை வைத்து ஓடிபி, பாஸ்வேர்ட் எதுவும் உருவாக்கிவிடாதீர்கள். ஒரு எண் தெரிந்தால் அடுத்தது என்ன என்று பத்தாவது படிக்கும் பிள்ளை சொல்லிவிடும்.

பெரிய எண்ணை இதால் வகுப்பது மெதுவாக இருக்காதா?

வகுக்கவே வேண்டாம், அதுதான் மெர்சென் எண்ணின் தனி வசதி. 9ஆல் வகுத்தால் மீதி என்ன என்று பார்க்க இலக்கங்களைக் கூட்டுவோமே, 5834க்கு 5 + 8 + 3 + 4 = 20, மறுபடி 2, மீதி 2. அது வேலை செய்வதற்குக் காரணம் 10ஐ 9ஆல் வகுத்தால் மீதி 1. இங்கே 2³¹ஐ நம் எண்ணால் வகுத்தால் மீதி 1. எனவே பெரிய எண்ணின் பிட்டுகளை 31, 31ஆக வெட்டி, துண்டுகளைக் கூட்டினால் போதும். 127ல் பார்த்தால்: 1000 = 7 × 128 + 104, ஆகவே 7 + 104 = 111, அதுதான் மீதி. கம்ப்யூட்டருக்கு வெட்டுவதும் கூட்டுவதும் மிக எளிது, வகுப்பதுதான் சிரமம்.

ரகசியக் குறியீட்டுக்கு இது உதவுமா?

பெரிய பகா எண்களை வைத்துச் செய்யும் வழக்கமான ஆர்எஸ்ஏ பூட்டுக்கு உதவாது. பத்து இலக்கம் எந்த மூலைக்குக் காணும், அங்கே 600 இலக்க எண்கள் புழங்குகின்றன. ஆனால் 2024லிருந்து ஒரு புது இடத்தில் இதற்கு மவுசு. ஒரு நீண்ட கணக்கைச் சரியாகத்தான் செய்தேன் என்று, முழுக் கணக்கையும் காட்டாமல் நிரூபிக்கும் முறைகள் இருக்கின்றன. அவற்றுக்கு 2ன் பெரிய அடுக்கு அளவுள்ள ஒரு சுழல் வரிசை தேவை. நம் எண்ணில் ஒன்றைக் கழித்தால் 2 × 3² × 7 × 11 × 31 × 151 × 331. ஒரே ஒரு 2தான், அதனால் அந்தப் பக்கம் வழியில்லை. ஆனால் ஒன்றைக் கூட்டினால் அப்படியே 2³¹!

அதை எப்படிப் பயன்படுத்துவது? வட்டத்தால். குறுக்கு, நெடுக்கு இரண்டின் வர்க்கங்களையும் கூட்டினால் 1 வரும் புள்ளிகள், எல்லாம் மீதிக் கணக்கில். 7ஐ வைத்து எண்ணிப் பாருங்கள்: (1, 0), (6, 0), (0, 1), (0, 6), அப்புறம் 2² + 2² = 8, மீதி 1, எனவே (2, 2), (2, 5), (5, 2), (5, 5). மொத்தம் எட்டு, அதாவது 7 + 1. அதேபோல் நம் எண்ணின் வட்டத்தில் சரியாக 2³¹ புள்ளிகள், பாதி பாதியாக மடித்துக்கொண்டே போகலாம். கழித்தால் கிடைக்காததைக் கூட்டி எடுத்துக்கொண்டார்கள். இதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

இதற்கு இரட்டைப் பகா எண் (இரண்டே வித்தியாசத்தில் நிற்கும் இன்னொரு பகா எண்) பக்கத்தில் இருக்கிறதா?

இல்லை. இரண்டு கழித்தால் 5ல் முடிகிறது, இரண்டு கூட்டினால் 3ஆல் வகுபடும். கீழே பக்கத்து வீடு 2147483629, மேலே 2147483659.

2ன் 2147483647வது அடுக்கிலிருந்து ஒன்றைக் கழித்தால் அதுவும் பகா எண்ணா?

ஆசையான கேள்வி. 2²−1 = 3, 2³−1 = 7, 2⁷−1 = 127, 2¹²⁷−1 என்று ஒவ்வொன்றையும் அடுத்ததன் அடுக்கில் போட்டுக்கொண்டே வந்தால் எல்லாம் பகா எண்ணாக வருகிறது. நம் எண்ணும் அந்த மாதிரிதான் பிறந்தது: 5லிருந்து 31, 31லிருந்து 2147483647. ஆனால் அதற்கு மேல் இந்தக் கிளை வளரவில்லை. 64 கோடி இலக்கங்களுக்கு மேல் உள்ள அந்த ராட்சத எண்ணை 295257526626031 வகுத்துவிடுகிறது. 1983ல் கண்டுபிடித்தார்கள். ஆய்லரின் அதே சல்லடை இங்கேயும் செல்லும்: இந்தக் காரணியில் ஒன்றைக் கழித்தால் அது 2 × 2147483647ன் சரியாக 68,745 மடங்கு.

இப்போது தெரிந்த மிகப் பெரிய பகா எண் எது?

2024 அக்டோபரில் அறிவித்த 2¹³⁶²⁷⁹⁸⁴¹ − 1. 4,10,24,320 இலக்கங்கள். அதுவும் மெர்சென் குடும்பம்தான்.

சரி, அந்த மளிகைக் கடை என்ன ஆனது?

எண் பெட்டியை எழுத்துப் பெட்டியாக மாற்றினேன், ஐந்து நிமிட வேலை. மொபைல் நம்பரை யாரும் கூட்டப்போவதில்லை, கழிக்கப்போவதில்லை, அது எண்ணே இல்லை, பெயர் மாதிரி ஒன்று. ஆனால் ஏற்கெனவே போட்ட முந்நூற்றுச் சொச்சம் நம்பர்களும் போனது போனதுதான், எல்லாம் ஒரே எண்ணாக அமுங்கிய பிறகு எது யாருடையது என்று எந்தக் கணிதமும் பிரித்துத் தராது. நான் தலையைச் சொறிந்துகொண்டு நின்றபோது கடைக்காரர் கல்லாவுக்குக் கீழே இருந்து நீல அட்டை போட்ட கடன் நோட்டை எடுத்தார். கடன் வாங்கியவர்களின் நம்பர் எல்லாம் பேனாவால் எழுதி அதில் பத்திரமாக இருந்தது. ரொக்கம் கொடுத்து வாங்கியவர்களைத்தான் மறுபடி கேட்க வேண்டியிருந்தது.